பழைய பதிப்புக்கு எதுவரை துணை நிற்பது?

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால், அரிச்சுவடி முடித்த பிள்ளை 3 என்று சொல்லிவிடும். இதே கேள்வியைப் பைத்தான் என்னும் நிரல்மொழியிடம் கேட்டால், எந்தப் பதிப்பிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். யூடிஎஃப்-8 முறையில் எழுதிய கோப்பொன்றில், சொல்லை வெறும் மேற்கோள் குறிகளுக்குள் இட்டு அதன் நீளம் என்னவென்று 2ஆம் பதிப்பைக் கேட்டால் 15 என்னும். 3ஆம் பதிப்பு 5 என்னும். 15 என்பது கணினியின் நினைவகத்தில் அச்சொல் அடைத்துக்கொள்ளும் பைட்டுகளின் எண்ணிக்கை. 5 என்பது யூனிகோடு அட்டவணைப்படி அச்சொல்லில் உள்ள குறிகளின் எண்ணிக்கை: த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி. நம் இலக்கணம் சொல்லும் 3ஐ எட்ட இன்னும் ஒரு படி ஏற வேண்டும்; அதைத் தமிழ் அறிந்த நிரலாளர்கள் தனியே எழுதிச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

15இலிருந்து 5க்கு வருவதற்கு ஒரு பெரிய நிரலாளர் சமூகத்துக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கணக்கு கடினமானது என்பதால் அன்று. பழைய பதிப்பில் இருந்தவர்களை விட்டுவிட்டு எப்போது புறப்படுவது என்று முடிவு செய்ய இயலாமல் போனதே காரணம். அந்தத் தயக்கத்தின் வரலாற்றையும், அது தீர்ந்த விதத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறோம். ஓலையிலிருந்து அச்சுக்கும், திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் வந்து சேர்ந்த மொழியின் வாசகர்களுக்கு இக்கதை அந்நியமாக இராது என்று நம்புகிறோம்.

கணினித் துறை சாராத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். ஒருவர் எழுதிய நிரலைப் பிறர் எடுத்துத் தம் நிரலுக்குள் பயன்படுத்திக்கொள்ளும்படி தொகுத்து வைப்பது உண்டு. லைப்ரரி என்று வழங்கும் அத்தொகுப்பைத் தமிழில் நிரலகம் என்கிறோம். நிரல்மொழிக்கும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் சில வசதிகள் கூடும். நிரலகத்தை எழுதுபவர் புது வசதி ஒன்றைக் கையாண்டால், பழைய பதிப்பை வைத்திருப்பவரிடம் அந்த நிரலகம் ஓடாது. கையாளாமல் விட்டால், அவர் என்றென்றும் பழைய நடையிலேயே எழுத வேண்டியிருக்கும். சோதனைப் பாடும் உண்டு. மொழியின் 6 பதிப்புகள், 3 இயங்குதளங்கள் என்று வைத்துக்கொண்டால் 18 சேர்க்கைகளில் ஒவ்வொரு மாற்றத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிரலகமும் ஒரு கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது: இந்தப் பதிப்பு வரை துணை நிற்போம், அதற்கு முந்தையதற்கு இல்லை.

கோட்டின் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர் சோம்பலால் இருக்கிறார் என்று எண்ணுவது தவறு. ஆய்வகக் கருவியோடு பிணைந்த கணினியை அவர் தொட முடியாமல் இருக்கலாம். வாடகை வழங்கியில் இடம் பிடித்தவருக்கு நிறுவனம் தருவதே பதிப்பு. அலுவலகக் கணினியில் எதை நிறுவலாம் என்பதை வேறொருவர் தீர்மானிக்கலாம். மறுபக்கம், நாம் இலவசமாகப் பெறும் நிரலகங்களில் பலவற்றைப் பேணுபவர்கள் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து எழுதும் தன்னார்வலர்கள். பழைய பதிப்புக்குத் துணை நிற்பதன் செலவு அவர்களின் அந்த இரவுகளிலிருந்துதான் கழிகிறது. அந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

பைத்தானுக்கு முன் இதே முடிச்சு பி.எச்.பி. மொழியில் விழுந்தது. அதன் 5ஆம் பதிப்பு 2004 ஜூலை 13 அன்று வெளியானது. மூன்றாண்டுகள் கழிந்தும் வலைத்தள வாடகை நிறுவனங்கள் பல 4ஆம் பதிப்பையே தந்துகொண்டிருந்தன. புகழ்பெற்ற மென்பொருள்கள் எல்லாம் 4இலேயே ஓடுகின்றன, பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. வாடகை நிறுவனங்களிடம் 4தான் இருக்கிறது, பிறகு எப்படி 5ஐக் கட்டாயமாக்குவது என்பது மென்பொருள் எழுதியோரின் பதில். ஒவ்வொருவரும் மற்றவர் முதல் அடி வைக்கட்டும் என்று நின்றார்கள். தனியாக முதலில் நகர்ந்தவர் பயனரை இழப்பார் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது.

அந்த நிலையை உடைத்தது ஒரு தேதி. 2007இல் 'கோ பி.எச்.பி. 5' என்ற முயற்சியின்கீழ் டுரூபல், டைப்போ3, பி.எச்.பி. மைஅட்மின் முதலிய திட்டங்கள் கூடி ஓர் உறுதிமொழி எடுத்தன. 2008 பிப்ரவரி 5க்குப் பிறகு தாங்கள் வெளியிடும் புதிய வசதிகளுடைய பதிப்புகள் பி.எச்.பி. 5.2ஐயாவது கோரும் என்பதே அது. அதே 2007 ஜூலையில் மொழியைப் பேணும் குழுவும் 4ஆம் பதிப்புக்கு ஆண்டு முடிவோடு விடைகொடுப்பதாகவும், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2008 ஆகஸ்ட் 8 வரை தருவதாகவும் அறிவித்தது. யாரும் தனியே நகரவில்லை, எல்லோரும் ஒரே நாளில் நகர்ந்தார்கள் என்பதால், முதல் அடி வைத்தவர் என்ற பழி யார்மீதும் விழவில்லை.

வேர்டுபிரஸ் வேறு வழியில் சென்றது. 2011 ஜூலை வரை அது 4ஆம் பதிப்பிலும் ஓடியது. அதாவது அம்மொழிப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தமும் நின்று ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பின்னும் ஓடியது. பிறகு குறைந்தபட்சத் தேவையை 5.2.4 என்று உயர்த்தியது. அந்தக் கோட்டை அடுத்து நகர்த்தியது 2019 மே மாதத்தில்தான். எட்டாண்டுக் காலம் உலகின் பெரும் எண்ணிக்கையிலான வலைத்தளங்களைத் தாங்கிய மென்பொருள் இப்படி நின்றது. கணினியறிவு அதிகமில்லாத கோடிக்கணக்கான சிறு தளக்காரர்களை அது கைவிடவில்லை என்று இதைப் பாராட்டலாம். ஆதரவு முடிந்த மொழிப் பதிப்பில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் நிம்மதியாய் உறங்க அது இடங்கொடுத்தது என்று குறையும் சொல்லலாம். இரண்டும் உண்மையே. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்பு, தளத்தை நடத்துபவரின் முகப்புப் பலகையிலேயே 'உங்கள் பி.எச்.பி. பழையது' என்று எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. மூன்று மாதம் கழித்துக் கோடு நகர்ந்தது. முதலில் சொல், பிறகு செய் என்ற இந்த வரிசையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனிப் பைத்தானுக்கு வருவோம். கீடோ வான் ராசம் 1989 டிசம்பரில், ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித, கணினியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றும்போது இம்மொழியை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் அது பொதுவெளிக்கு வந்தது. யூனிகோடின் முதல் பதிப்பு வெளியானது அதே ஆண்டு அக்டோபரில். அதாவது பைத்தான் பிறந்தபோது, உலக எழுத்துகளுக்கெல்லாம் ஒரு பொது அட்டவணை என்பது இன்னும் அச்சேறியிருக்கவில்லை. எழுத்து என்றால் ஒரு பைட்டு, அது பெரும்பாலும் ஆங்கில எழுத்து என்ற எண்ணம் மொழியின் அடித்தளத்திலேயே படிந்துவிட்டது.

2000இல் யூனிகோடுக்கென்று தனியொரு சர வகை பைத்தானில் சேர்ந்தது. ஆனால் பழைய பைட்டுச் சரமும் அப்படியே இருந்தது. இரண்டையும் கலந்தால், பைட்டுகள் எல்லாம் ஆங்கில எழுத்துகள்தாம் என்று எடுத்துக்கொண்டு மொழி தானாகவே மாற்றிக்கொள்ளும். உள்ளே இருப்பது ஆங்கிலமாயின் ஒன்றும் நேராது. தமிழோ, உச்சரிப்புக் குறியுள்ள பிரெஞ்சுப் பெயரோ வந்துவிட்டால் நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். எழுதியவர் தம் மேசையில் ஆங்கிலத்தில் சோதித்தபோது சரியாக ஓடிய நிரல், வேறொரு மொழிக்காரர் பெயரைத் தட்டச்சிட்ட கணத்தில் உடையும். திஸ்கியில் எழுதிய பக்கத்தைப் பொங்குதமிழ் மாற்றியில் இட்டு யூனிகோடாக்கி, நடுவில் நாலெழுத்துக் காணாமல் போனதைத் தேடிய தலைமுறைக்கு இந்த வலி புரியும். வேறுபாடு என்னவென்றால், நம்முடைய சிக்கல் நம் கண்ணுக்குத் தெரிந்தது. பைத்தானுடையது, அதனால் பாதிக்கப்படாதவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

2008 டிசம்பர் 3 அன்று வெளியான பைத்தான் 3.0 இந்த அடித்தளத்தைப் பெயர்த்தெடுத்தது. உரை என்றால் யூனிகோடு. பைட்டுகள் வேறு வகை. இரண்டும் தாமாகக் கலவா. இதோடு வேறு சில திருத்தங்களும் சேர்ந்தன. 5ஐ 2ஆல் வகுத்தால் 2 என்று சொல்லிவந்த மொழி 2.5 என்று சொல்லத் தொடங்கியது. விளைவாக, 2இல் எழுதிய நிரல்களில் பெரும்பாலானவை 3இல் அப்படியே ஓடவில்லை.

மொழியை வடிவமைத்தவர்கள் நினைத்த வழி எளிமையானது. நிரலகக்காரர்கள் 2இலேயே எழுதட்டும். '2டு3' என்ற மாற்றி அதைத் தானாக 3ஆம் பதிப்பின் நடைக்குப் பெயர்த்துத் தரும். எண்கணிதத்துக்குப் பெயர்பெற்ற நம்பை நிரலகம் 2010இல் 1.5 பதிப்பின் மூலம் இவ்வழியில்தான் பைத்தான் 3க்குள் நுழைந்தது. ஆனால் தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பிப் பதிப்பு நடத்துவது எத்துணைச் சிரமம் என்று மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்டால் தெரியும். பிழை வந்தால் அது மூலத்தில் உள்ளதா, பெயர்ப்பில் உள்ளதா என்று தேட வேண்டும். ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் மறுபடி பெயர்த்துச் சோதிக்க வேண்டும். காலப்போக்கில் பலரும் இதைக் கைவிட்டு, இரு பதிப்பிலும் அப்படியே ஓடும் ஒரே மூலத்தை எழுதும் வழிக்கு வந்தார்கள். நம்பையும் 2013இல், 1.8 பதிப்பில், 2டு3ஐ விட்டுவிட்டது.

ஒரே மூலத்தில் இரண்டுக்கும் எழுத உதவியாக 2010இல் பெஞ்சமின் பீட்டர்சன் 'சிக்ஸ்' என்ற சிறு நிரலகத்தை வெளியிட்டார். 2ஐயும் 3ஐயும் பெருக்கினால் 6. இரு பதிப்பிலும் பெயர் மாறியவற்றுக்கு நடுவில் நின்று பாலமாகும் இந்தச் சிறிய கோப்பு, பல ஆண்டுகள் பைத்தான் உலகில் மிக அதிகமாகப் பதிவிறக்கப்பட்டவற்றுள் ஒன்றாக இருந்தது. பெரும் சாதனை என்று யாரும் இதை எழுதி வைக்கவில்லை. ஆயினும் இரு கரைக்கும் நடுவில் நின்று சுமந்தது அதுதான்.

மொழியும் ஒரு படி இறங்கி வந்தது. பழைய 2இல் யூனிகோடுச் சரத்தைக் குறிக்க, மேற்கோள் குறிக்கு முன்னால் 'யு' என்ற எழுத்தை இடுவார்கள். 3.0இல் எல்லாமே யூனிகோடு என்பதால் அந்த எழுத்து தேவையற்றது என்று நீக்கிவிட்டார்கள். ஆனால் உரையைப் பொறுப்போடு கையாண்டு அந்த 'யு'வை முறையாக இட்டு வந்தவர்களின் நிரல்தான் இதனால் முதலில் உடைந்தது! ஆர்மின் ரோனாகரும் நிக் காக்லனும் முன்வைத்த பரிந்துரையை ஏற்று, 2012 செப்டம்பரில் வந்த 3.3 பதிப்பில் பொருளில்லாத அலங்காரமாக அந்த எழுத்து மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இதன் விளைவு வேடிக்கையானது. அடுத்த சில ஆண்டுகள் பல நிரலகங்களின் ஆதரவுப் பட்டியல் 2.6, 2.7, 3.3 என்று நடுவில் ஓட்டையோடு காணப்பட்டது. 2008இல் வந்த 2.6 உள்ளே; 2011இல் வந்த 3.2 வெளியே. வயது மட்டுமே கோட்டைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. 2.6இல் மக்கள் இருந்தார்கள். 2010 நவம்பரில் வெளியான ரெட் ஹாட் நிறுவனத்தின் 6ஆம் இயங்குதளம் அதனுடன்தான் வந்தது. நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அதை ஆண்டுக்கணக்கில் மாற்றுவதில்லை. 3.2இல் ஒப்பிடுகையில் சிலரே இருந்தார்கள், அதற்கு எழுதுவதும் கடினம். ஆகவே வயதில் இளையது கைவிடப்பட்டு மூத்தது காக்கப்பட்டது.

இதற்கிடையில் 2.7 பதிப்பு 2010 ஜூலையில் வெளியாகியிருந்தது. இதற்குப் பின் 2.8 இல்லை என்று 2011இல் முறைப்படி அறிவித்த பரிந்துரைக்கு 404 என்று எண்ணிட்டார்கள். வலையில் தேடிய பக்கம் இல்லையென்றால் வரும் அதே எண். 2.7இன் ஆதரவு 2015இல் முடிவதாக இருந்தது. 2014இல் அதை 2020 வரை நீட்டித்தார்கள். அப்போதைய நிலையில் அது கருணையுள்ள முடிவு, தவிர்க்க முடியாததும்கூட. ஆனால் அந்த ஐந்தாண்டும் நிரலகங்களைப் பேணுபவர் தலையில்தான் விழுந்தது.

சுமை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சான்று. அணிகளைப் பெருக்குவதற்கென்று தனிக் குறி ஒன்று 2015 செப்டம்பரில் வந்த பைத்தான் 3.5இல் சேர்ந்தது. அறிவியல் கணக்கீட்டுக்காரர்கள் நெடுங்காலம் வேண்டி நின்று பெற்ற குறி அது. ஆனால் அதை வேண்டிப் பெற்ற சமூகத்தின் சொந்த நிரலகங்களே உள்ளுக்குள் அதைப் பயன்படுத்த முடியவில்லை. 2.7இல் அந்தக் குறியைக் கண்டால் நிரல் தொடங்கவே தொடங்காது. சைபை, சைகிட்-லேர்ன் ஆகியவை 2.7ஐ விட்டது 2019இல். தங்களுக்காகத் தைத்த சட்டையை நான்காண்டு பெட்டியில் மடித்து வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

நிக் காக்லன், தாம் ரெட் ஹாட்டில் பணியாற்றிய காலத்தில், 2015இல் எழுதிய ஒரு கட்டுரையில் இச்சுமையை நேராகவே பேசினார். அவர் வாதத்தின் சாரம் இது. பத்தாண்டு ஆதரவு என்பது பெருநிறுவனங்கள் பணம் கொடுத்து வாங்கும் பண்டம். அதை விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியிருக்க, தன்னார்வலர்கள் அதே பண்டத்தை விலையின்றித் தர வேண்டியதில்லை. பழைய 2.6 வேண்டும் என்பவர், அதற்குக் காசு வாங்கியவரிடம் கேட்கட்டும். ஆதரவு விற்கும் நிறுவனத்துக்குள் இருந்தவரே இதைச் சொன்னது, பேணுபவர்கள் பலருக்குத் தயக்கத்தை உதற உதவியிருக்கும் என்று எண்ணுகிறோம்.

ஆயினும் உரிமை இருக்கிறது என்பதாலேயே ஒருவரை நடுத்தெருவில் விட்டுவிட முடியுமா? இங்கேதான் கருவியில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றம் பெரிய உதவியாயிற்று. பைத்தான் நிரலகங்களை நிறுவித் தரும் 'பிப்' என்னும் கருவி, கேட்ட நிரலகத்தின் ஆகப் புதிய பதிப்பையே எடுத்து வரும். அது பயனரின் பைத்தானில் ஓடுமா என்று பார்க்காது. ஆகவே பழைய மொழிப் பதிப்பை ஒரு நிரலகம் கைவிட்ட மறுநாளே, ஒன்றும் அறியாத பயனரிடம் எல்லாம் உடையும். 2016 நவம்பரில் வந்த பிப் 9.0, 'இதற்கு இன்ன பைத்தான் வேண்டும்' என்று நிரலகப் பொதியின்மேல் எழுதப்பட்ட குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டது. பழைய பைத்தான் வைத்திருப்பவருக்கு, அவருக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை அது தேர்ந்து கொடுக்கும்.

சிறிய வசதிதான், ஆனால் அது கேள்வியின் முகத்தையே மாற்றியது. அதுவரை கைவிடுவது என்றால் உடைப்பது. அதன்பின் கைவிடுவது என்றால் பழையவர் இருந்த இடத்திலேயே இருக்க, புதியவர் மேலே செல்வது. 2017 ஏப்ரலில் பைத்தான் 2ஐ விட்டு வெளியான ஐபைத்தான் 6.0 இவ்வழியில் முன்னே நடந்தது. 5ஆம் பதிப்பை நீண்டகால ஆதரவுக்கு உரியதாகப் பின்னால் வைத்துவிட்டே அது புறப்பட்டது. ஒரு முரண் மட்டும் மிஞ்சியது. பழைய பைத்தான் வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் பழைய பிப்தான் இருக்கும். அதற்கு அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காக, நிறுவும்போதே என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் செய்தியொன்றை ஐபைத்தான் குழுவினர் எழுதிச் சேர்த்தார்கள். வாசலில் அறிவிப்பு எழுதிவிட்டுப் போகும் பண்பு அது.

பிறகு மற்றவர்கள் நகர்ந்தார்கள். வலைத்தளங்கள் அமைக்க உதவும் ஜாங்கோ, 2017 டிசம்பரில் 2.0 பதிப்பில் பைத்தான் 2ஐ விட்டது. அதற்கு முந்தைய 1.11க்கு 2020 ஏப்ரல் வரை திருத்தங்கள் தந்தது. நம்பை 2017இலேயே தன் நாட்காட்டியை அறிவித்தது. 2018 முடியும்வரை இரண்டுக்கும் துணை. 2019 ஜனவரி 1 முதல் புது வசதிகள் பைத்தான் 3க்கு மட்டும். சொன்னபடி 2019 ஜனவரியில் வந்த 1.16, பைத்தான் 2.7க்கான கடைசித் தொடராகவும் திருத்தங்கள் பெறுவதாகவும் அமைந்தது. இவையெல்லாம் தனித்தனி முடிவுகள் அல்ல. நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப், ஜுபிட்டர் முதலியவை 2020க்குள் பைத்தான் 2ஐ விடுவதாக ஒரே அறிக்கையில் பெயர் பதித்திருந்தன. பத்தாண்டுகளுக்கு முன் பி.எச்.பி.க்காரர்கள் கண்ட அதே மருந்து: ஒன்றுகூடிக் குறித்த ஒரு தேதி.

2020 ஜனவரி 1 அன்று 2.7இன் காலம் முடிந்தது. 2020 ஏப்ரலில் வந்த 2.7.18 அதன் கடைசி வெளியீடு. எல்லோரும் அன்றே விடவில்லை. பிப் 2021 ஜனவரியில் விட்டது. வலையில் கோரிக்கை அனுப்ப உதவும் ரிக்வெஸ்ட்ஸ் 2022 ஜூனில் விட்டது. அடியில் இருக்கும் கல்லை மேலிருக்கும் கல்லைவிடப் பிந்தி உருவ வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த அனுபவத்திலிருந்து அறிவியல் நிரலகக்காரர்கள் கற்ற பாடம், ஒவ்வொரு முறையும் விவாதிக்கக் கூடாது என்பதே. 2019இல் எழுதப்பட்ட 'நெப் 29' என்னும் நம்பைப் பரிந்துரை, கேள்வியையே நாட்காட்டியிடம் ஒப்படைத்தது. ஒரு பைத்தான் பதிப்பு வெளியான நாளிலிருந்து 42 மாதம் வரை துணை. எப்படியும் ஆகப் புதிய இரண்டு பதிப்புகளுக்குத் துணை. 2016 டிசம்பரில் பிறந்த 3.6ஐ 2020 ஜூனில் விடலாம் என்று யாரும் யாரையும் கேட்காமலே கணக்கிட்டுக்கொள்ளலாம். 2020 அக்டோபரில் வந்த 3.9 முதல் மொழியும் ஆண்டுக்கொரு பதிப்பு என்ற ஒழுங்குக்கு வந்ததால் கணக்கு இன்னும் எளிதாயிற்று. பின்னர் வந்த 'ஸ்பெக் 0' என்னும் பரிந்துரை 42 மாதத்தை 3 ஆண்டாகச் சுருக்கியது.

நாட்காட்டி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. 2019 மே மாதம் வெளியான ரெட் ஹாட்டின் 8ஆம் இயங்குதளம் பைத்தான் 3.6உடன் வந்தது, அத்தளத்துக்கு 2029 வரை ஆதரவு உண்டு. தளம் வெளியாகி ஓராண்டு கடந்த உடனேயே அந்தப் பைத்தானை விட்டுவிடலாம் என்று நெப் 29இன் கணக்கு சொல்லிவிட்டது. பத்தாண்டுக் கடிகாரத்தை வைத்து வாழ்பவரும் மூன்றாண்டுக் கடிகாரத்தை வைத்து எழுதுபவரும் ஒரே கணினியில்தான் சந்திக்கிறார்கள். முன்னவரைப் பின்னவர் ஏமாற்றவில்லை என்று சொல்ல முடிவதற்கு ஒரே காரணம், கோடு எங்கே விழும் என்பது முன்னதாகவே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பதுதான்.

முதலில் சொன்ன 15க்கும் 5க்கும் திரும்புவோம். பழைய பதிப்புக்குத் துணை நிற்பதைப் பொதுவாக இரக்கம் என்றே பேசுகிறோம். கைவிடுவதை இரக்கமின்மை என்கிறோம். பைத்தானின் கதையில் அது பாதி உண்மையே. ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவருக்குப் பழைய பதிப்பில் குறையே இல்லை; மாற்றத்தால் அவருக்குச் செலவுதான். தமிழிலும் அரபியிலும் சீனத்திலும் எழுதியவருக்கோ, காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் செலவு. ஒருவரிடம் இரக்கம் காட்டிய காலமெல்லாம் இன்னொருவர் வாசலில் நின்றார். முன்னவர் உரத்துப் பேசினார், ஏனெனில் அவரிடம் ஓடிக்கொண்டிருந்த நிரல் இருந்தது. பின்னவரின் குரல் பெரும்பாலும் ஒரு பிழைச் செய்தியாக மட்டுமே வந்து சேர்ந்தது.

ஆகவே எதுவரை துணை நிற்பது என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டு என்ற எண்ணைவிட, எப்படி விடைபெறுவது என்பதையே இவ்வரலாறு சொல்லிப்போகிறது என்று கருதுகிறோம். தேதியை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கூடியிருப்போரோடு சேர்ந்து நகர வேண்டும். தங்குபவருக்கு ஓடக்கூடிய கடைசிப் பதிப்பொன்றைச் செப்பனிட்டு விட்டுச்செல்ல வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்படி வாசலில் எழுதி வைக்க வேண்டும். நம்பை 1.16 தொடரின் 6ஆம் திருத்தம், பைத்தான் 2.7இன் ஆயுள் முடிவதற்குச் சில நாள் முன்பு, 2019 டிசம்பர் இறுதியில் வெளியானது. இன்றும் எங்கோ ஓர் ஆய்வகத்தில் பழைய 2.7ஐ வைத்துக்கொண்டு ஒருவர் நம்பையைக் கேட்டால், பிப் தேடிச் சென்று அந்தப் பதிப்பை எடுத்துக்கொண்டு வரும்.